கொல்லைக் கதவு

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியபோது, நம் வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. சாய்ந்த மரம் நேரே தரையில் விழவில்லை. அடுக்களைத் தாழ்வாரத்தின் மேல் விழுந்து, ஓடுகளை நொறுக்கி, கொல்லைக் கதவை நடுவே பிளந்து, அதன் பிறகே ஓய்ந்தது. முன்கட்டு அறையில் செபமாலையும் கையுமாய்ப் பதுங்கியிருந்த நமக்கும் துணைவியாருக்கும் அந்த ஓசை கேட்டபோது, வீடே போயிற்று என்றுதான் தோன்றியது. விடிந்து பார்த்தால் வீடு இருந்தது, கதவு இல்லை.

அன்று நம் ஊரில் கதவைப் பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை. தென்னையை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள், தலையற்று நின்ற தோப்புகளைப் பார்த்தபடி திண்ணைகளில் உட்கார்ந்திருந்தன. மின்சாரம் வாரக்கணக்கில் வரவில்லை. பிறருடைய இழப்புக்கு முன்னே நம்முடையது ஓர் இழப்பே அன்று. ஆகவே உடைந்த கதவின் இடத்தில் ஒரு தகரத்தைச் சார்த்தி, இரண்டு கருங்கற்களை முட்டுக்கொடுத்து, அப்போதைக்கு இது போதும் என்றோம். அந்த 'அப்போதைக்கு' இரண்டேகால் ஆண்டு நீடித்தது.

தகரம் கதவாகாது. இரவில் காற்று அடித்தால் அது பேயாய் அதிரும். ஒரு முறை நாய் புகுந்து மீன் சட்டியைக் கவிழ்த்தது. மற்றொரு முறை சாரைப் பாம்பு ஒன்று உறிக்குக் கீழே சுருண்டு கிடந்தது. துணைவியார் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து, விளக்கைப் போட்டு, கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுப்பார். அடுக்களைக்குக் கதவில்லாத வீட்டில் ஒரு பெண்ணுக்கு உறக்கம் எப்படி வரும் என்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். நம்மைப் போன்ற ஆடவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். சில வேளைகளில் சொன்னாலும் தெரிவதில்லை.

மரம் மட்டும் ஆயத்தமாய் இருந்தது. விழுந்த வேம்பை விறகுக்கு விற்க மனம் வராமல், அடிமரத்தை அறுவைக்கூடத்துக்கு வண்டியில் அனுப்பி, ஒன்றேகால் அங்குலக் கனத்தில் பலகைகளாக அறுத்து வாங்கியிருந்தோம். பச்சை மரத்தில் கதவு செய்யக் கூடாது என்பது பழைய பாடம். ஓர் அங்குலக் கனமுள்ள பலகை நிழலில் தானாகக் காய்வதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும் என்பது தச்சர்களின் கணக்கு. மாட்டுக் கொட்டகையில், பலகைக்கும் பலகைக்கும் இடையே காற்றுப் போகும்படி ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்கினோம். முதல் ஆண்டு மரம் காயவேண்டும் என்று காத்திருந்தோம். இரண்டாம் ஆண்டு தொற்றுநோய் வந்து ஊர் முடங்கிற்று. அதன் பின் செய்வதற்கு ஆள் இல்லை. ஊரில் எஞ்சிய ஓரிரு தச்சரும் நகரத்துக் கட்டட வேலைக்குப் போய்விட்டனர். "பிளாஸ்டிக் கதவு வாங்கி மாட்டிவிடலாமே?" என்று மகன் தொலைபேசியில் சொன்னான். அவன் சொன்னதில் பிழை இல்லை. அந்தக் கதவு நீருக்கு அஞ்சாது, கரையானுக்கும் அஞ்சாது. ஆனாலும் கொட்டகையில் அடுக்கிக் கிடந்த பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குள் ஏதோ ஒன்று உறுத்திற்று.

அது என்னவென்று சொல்லிவிடுவதே முறை. நம் தந்தையார் தச்சர். இந்த ஒரு வரியை எழுத நமக்கு 45 ஆண்டுகள் ஆயின என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

1976-ஆம் ஆண்டு, திருச்சியில் புகுமுக வகுப்பில் சேர விண்ணப்பம் வாங்கி வந்தோம். அப்போது நமக்கு வயது 17. 'தந்தையின் தொழில்' என்று கேட்டிருந்த இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினோம். எங்களுக்கு நிலம் என்று இருந்தது வீட்டுக் கொல்லைதான். அதில் கத்தரியும் அவரையும் போட்டிருந்தார்கள். தந்தையார் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். எந்தத் தாளாயினும் முழுவதும் படிக்காமல் கையெழுத்திட மாட்டார். அன்றும் படித்தார். அந்த வரியின் மேல் அவருடைய விரல் சற்றே நின்றது. பிறகு பழக்கத்தில் காதில் செருகியிருந்த பென்சிலை எடுக்கப்போய், அதை விட்டுவிட்டு, நம்மிடம் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, 1993-இல் அவர் கண்மூடும் வரையிலும் சொல்லவில்லை. நாமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆசிரியரானோம், பிறகு தலைமையாசிரியரானோம், ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் 'பொய் சொல்லலாகாது' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டோம்.

புயலில் பிளந்த அந்தக் கொல்லைக் கதவு, அதே 1976-இல் தந்தையார் தம் கையால் செய்து மாட்டியது.

அவரிடம் தொழில் பழகிய ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார். நமக்கு எட்டு வயது மூத்தவர். சிறுவயதில் நாம் அவரை 'அண்ணே' என்போம்; அவர் நம்மைத் 'தம்பி' என்பார். நாம் தலைமையாசிரியரான நாளிலிருந்து அவர் 'சார்' என்று அழைக்கத் தொடங்கினார். வேண்டாம் என்று பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் ஒரு மாலை அவர் வீட்டுக்குச் சென்று, "அண்ணே, கொல்லைக்கு ஒரு கதவு செய்து தரவேண்டும்" என்றோம். அவர் இரு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. "சார், கை போய்விட்டது. கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. வாய் ஒன்றுதான் மிச்சம்" என்றார். சற்றுப் பொறுத்து, "உங்களுக்குக் கை இருக்கிறதே? நீங்கள் செய்யுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்" என்றார்.

வாசகர்கள் நகைக்கலாம். நாமும் நகைத்தோம். தச்சர் மகனாயிருந்தும் வாழ்நாளில் ஓர் ஆணியை நேராக அடித்தறியாதவர் நாம். அதற்குக் காரணம் நாம் மட்டும் அல்ல. சிறுவயதில் உளியைத் தொட்டால் தந்தையார் வாங்கி வைத்துவிடுவார். படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தில்தான், தம் தொழிலைப் பற்றி நாம் வெட்கப்படுவதற்கான முதல் விதையும் இருந்ததோ என்று இப்போது சில வேளை தோன்றுகிறது. பழியை அவர்மீது போடுவதற்காக இதைச் சொல்லவில்லை.

பரணிலிருந்து கருவிச் சாக்கை இறக்கினோம். 28 ஆண்டுகள் எவரும் அவிழ்க்காத சாக்கு. இரண்டு இழைப்புளி, ஐந்து உளி, புளியமரத்துக் கொட்டாப்புளி, ஒரு கைவாள், மூலைமட்டம், கைத் துரப்பணம், காவி தோய்ந்த நூலுண்டை ஒன்று. இரும்பெல்லாம் துருவேறியிருந்தது. ஆனால் இழைப்புளியின் மரப்பிடியில், தந்தையாரின் உள்ளங்கை பட்டுப் பட்டு ஏற்பட்ட பளபளப்பு அப்படியே இருந்தது. நம் கையை அதில் வைத்துப் பார்த்தோம். பள்ளம் பொருந்தவில்லை, அவர் கை நம் கையினும் பெரியது.

முதல் இரண்டு நாட்களும் மரத்தைத் தொட அண்ணன் விடவில்லை. "முதலில் பதம் தீட்டுங்கள்" என்றார். தீட்டுக்கல்லில் எண்ணெய் விட்டு, அலகின் சாய்வு மாறாமல், மேலும் கீழும் தேய்க்கவேண்டும். பார்ப்பதற்கு எளிய வேலை. கை ஓரிழை தூக்கிவிட்டால் விளிம்பு மழுங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். முன்கையில் உள்ள உரோமத்தை அலகு மழித்தால் பதம் சரி என்று பொருள். இரண்டாம் நாள் மாலை நம் இடக்கையில் ஒரு சாண் இடம் மழுமழுவென்று இருந்தது. துணைவியார் அதைப் பார்த்துவிட்டு, "கதவு வருகிறதோ இல்லையோ, உங்களுக்கு முடி போகிறது" என்றார்.

இழைப்பதற்கு உட்காரும்போது அடுத்த சங்கடம் வந்தது. நம் நாட்டுத் தச்சர் தரையில் அமர்ந்து, பாதத்தால் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். நம் முழங்கால் அதற்கு இணங்கவில்லை. தந்தையாரின் பட்டறையில் சூசையப்பர் படம் ஒன்று மாட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. மேல்நாட்டு ஓவியர் வரைந்தது. அதில் சூசையப்பர் இடுப்புயர மேசை முன்னே நின்றுகொண்டு இழைப்பார். "அவர் நின்றுகொண்டு செய்கிறார், நமக்கு உட்கார்ந்தால்தான் வேலை ஓடும்" என்று தந்தையார் வேடிக்கையாய்ச் சொல்வதுண்டு. மகனான நாம் சூசையப்பர் பக்கம் சேர்ந்தோம். திண்ணையில் கிடந்த நீண்ட வாங்குப் பலகையைக் கல்லின்மேல் உயர்த்தி, அதையே பட்டறையாக்கிக் கொண்டோம்.

வேம்பு நல்ல மரம். மலைவேம்பும் மேல்நாட்டார் போற்றும் மகோகனியும் அதற்கு ஒரே குடும்பத்து உறவினர். வைரம் செந்நிறம், கசப்பான மணம், கரையான் எளிதில் அண்டாது. ஆனால் பிடிவாதக்கார மரம். அதன் நார் ஒரே திசையில் ஓடுவதில்லை. ஒரு படலம் இப்படியும் அடுத்த படலம் அப்படியுமாகச் சுற்றி வளர்வதால், இழைப்புளியை எத்திசையில் தள்ளினாலும் ஏதோ ஓரிடத்தில் நார் பிய்ந்து கிளம்பும். நாம் பலம் கொண்ட மட்டும் தள்ளினோம். பலகை குதறினாற்போல் ஆயிற்று. அண்ணன் பார்வை மங்கியவரானாலும் ஓசையைக் கொண்டே கண்டுபிடித்தார். "மரம் அழுகிறது. அலகை உள்ளே வாங்குங்கள். சீவல் வெங்காயத் தோல்போல் வரவேண்டும்" என்றார். அலகை உள்வாங்கி, இழைப்புளியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துத் தள்ளியபோது, மெல்லிய சுருள் ஒன்று 'ஸ்' என்று எழுந்து நம் புறங்கையில் விழுந்தது. 62 வயதில் அந்த ஒரு சுருளுக்காக நாம் அடைந்த மகிழ்ச்சியைச் சொன்னால் பேதைமை என்பார்கள். வேப்பந்தூள் மூக்கில் ஏறி அன்று முழுதும் தும்மினோம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

செய்ய எண்ணியது மிக எளிய கதவு. ஆறடி உயரம், இரண்டரை அடி அகலம். நெடுக்காக ஐந்து பலகைகள். பின்புறம் அவற்றைப் பிணைக்க மூன்று குறுக்குச் சட்டங்கள். சட்டங்களுக்கிடையே சாய்வாக இரண்டு. கண்ணாடி, சித்திரம், பூவேலை ஒன்றும் கிடையாது. ஆயினும் இந்த எளிய கதவுக்குள் எத்தனை நுட்பம் இருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்கவில்லை.

மரம் இறந்த பின்னும் மூச்சு விடுகிறது. மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து அகலும், கோடையில் சுருங்கும். நீளவாட்டில் இந்த மாற்றம் இல்லை என்றே சொல்லலாம், அகலவாட்டில்தான் எல்லாம். ஆறங்குலப் பலகை ஒன்று பருவத்துக்குப் பருவம் அரை நூல் அளவு மாறும் என்றார் அண்ணன். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஐந்து பலகைகளையும் நெருக்கி அடித்துவிட்டால், ஐப்பசி மழையில் அவை ஒன்றையொன்று நெருக்கிக் கதவே வளைந்துவிடும். ஆகவே பலகையின் விளிம்புகளைப் பாதிக் கனத்துக்கு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து, நடுவே அரை நூல் இடைவெளி விட்டோம். பலகை அகன்றாலும் சுருங்கினாலும் இடைவெளி அதை ஏற்றுக்கொள்ளும். வெளிச்சமும் பாம்பும் உள்ளே வராது.

பலகையை எந்த முகம் வெளியே தெரிய வைப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. காய்கிற பலகை, மரத்தில் பட்டை இருந்த பக்கம் குழிந்தும், வைரம் இருந்த பக்கம் புடைத்தும் வளைவது இயல்பு. எனவே வைரப் பக்கம் வெளியேயும் பட்டைப் பக்கம் சட்டத்தை ஒட்டியும் இருக்கவேண்டும். அப்படி வைத்தால் பலகை வளைய முயன்றாலும் ஓரங்கள் சட்டத்தின் மீதே அழுந்தி நிற்கும். வெட்டுமுகத்தில் தெரியும் வளையங்களைப் பார்த்து எந்தப் பக்கம் எது என்று கண்டுகொள்ளலாம். இந்த வளையங்களைக் காட்டி மரத்தின் வயது கணக்கிடும் பாடத்தை 30 ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறோம். அதனால் ஒரு கதவு நேராக நிற்கும் என்பதை ஒருநாளும் சொன்னதில்லை; நமக்கே தெரியாது.

ஆணி அடிப்பதிலும் அப்படியே. பலகையும் சட்டமும் சேர்ந்து இரண்டேகால் அங்குலக் கனம். மூன்றங்குல ஆணி. வேம்பில் நேரே அடித்தால் பலகை வெடிக்கும். முதலில் துரப்பணத்தால் துளையிடவேண்டும். முன்புறமிருந்து அடித்தால் பின்புறம் முக்கால் அங்குலம் முனை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனையை மரத்தின் நாருக்குக் குறுக்கே மடக்கி, தலைப்பக்கம் ஒரு கனத்த இரும்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அடித்துப் பதித்துவிட்டால் அந்த ஆணி எந்தக் காற்றுக்கும் கழன்று வராது. நாரோடு நாராக மடக்கினால் மரம் பிளந்து வழிவிட்டுவிடும். குறுக்குச் சட்டங்களுக்கு மட்டும் 30 ஆணிகள். துணைவியார் இரும்பைத் தாங்கிப் பிடித்தார், நாம் அடித்தோம். இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தோம். ஓரடி அவர் கட்டைவிரலில் விழுந்தது. அதைப் பற்றி இங்கே விரித்தெழுத அவர் அனுமதி தரவில்லை.

இனி நம் பிழையைச் சொல்லவேண்டும்.

சாய்வுச் சட்டங்களை அடிக்கவேண்டிய அன்று அண்ணன் கண் பரிசோதனைக்காக நாகைக்குப் போயிருந்தார். இவ்வளவு கற்றுவிட்டோமே என்ற துணிவில் நாமே அடித்துவிடலாம் என்று கருதினோம். கீல் வரும் பக்கத்தைப் பலகையின் முன்முகத்தில் சுண்ணக்கட்டியால் குறித்திருந்தோம். சட்டம் அடிக்கக் கதவைக் கவிழ்த்துப் போட்டால் வலம் இடமாகிவிடும் அல்லவா? அந்தச் சிறு உண்மையை மறந்தோம். அடித்து முடித்து, மறுநாள் ஆட்களை வைத்து நிலையில் தூக்கி மாட்டினோம். கதவு 30 கிலோவுக்கு மேல் இருக்கும். மாட்டியவுடன் அழகாகவே நின்றது. துணைவியார் அன்றிரவு ஒரு முறைகூட எழவில்லை. நாமும் கொஞ்சம் பெருமையோடு உறங்கினோம்.

ஒரு வாரத்தில் கதவு தொங்கத் தொடங்கிற்று. தாழ்ப்பாள் பக்கத்து மூலை கீழே இறங்கி வாசற்படியில் உரசியது. பத்தாம் நாள் தூக்கிப் பிடித்துத்தான் சாத்தவேண்டியிருந்தது. அண்ணன் வந்து கையால் தடவிப் பார்த்தார். சாய்வுச் சட்டத்தைத் தொட்டதும் கை நின்றுவிட்டது.

"தம்பி! இதை யார் இப்படி அடித்தது?"

நாம் குற்றவாளியாய் நின்றோம். அவர் சினத்தில் 'சார்' காணாமல் போயிருந்ததை அவரும் கவனிக்கவில்லை. நாமும் பின்னர்தான் கவனித்தோம்.

"சாய்வுச் சட்டம் சுமைதூக்கும் ஆள் மாதிரி, தம்பி. அவன் கால் கீல் பக்கம் கீழே ஊன்றியிருக்கவேண்டும். தோள் எதிர்ப்பக்கம் மேலே இருக்கவேண்டும். அப்போதுதான் கதவின் பாரத்தைத் தாங்கிக் கீலுக்குக் கொடுப்பான். நீங்கள் அவனைத் தலைகீழாக்கிக் கயிறு மாதிரித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். ஆணி எத்தனை நாள் இழுத்துப் பிடிக்கும்?"

கதவைக் கழற்றினோம். மடக்கி அடித்த ஆணியை நிமிர்த்திப் பிடுங்குவது அடிப்பதைவிட மும்மடங்கு வேலை. இரண்டு சட்டங்களையும் எடுத்துத் திசை மாற்றி அடித்தோம். பழைய துளைகளில் அதே வேம்பைச் சீவி முளை அடித்து அடைத்தோம். ஆனாலும் முகத்தில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. சுத்தியல் பட்டு இரண்டிடத்தில் பலகை நசுங்கியும் இருந்தது. வருகிறவர்கள் கேட்பார்களே என்ற வெட்கம். சாயம் அடித்துவிட்டால் மறைந்துவிடும் என்று பச்சைச் சாயம் ஒரு டப்பா வாங்கி வந்தோம். கதவுக்குப் பொருந்த நிலைக்கும் அடிக்கவேண்டும் என்பதால், நிலையில் இருந்த பழைய சாயத்தை முதலில் சுரண்டத் தொடங்கினோம்.

நிலை புயலுக்கு அசையாமல் சுவரிலேயே நின்றது. தந்தையார் வைத்த பூவரச நிலை. ஆண்டுதோறும் பூசிய சாயம் ஏடு ஏடாக உரிந்து வந்தது. தாழ்ப்பாள் பக்கத்து நிலைக்காலில், மேலே, தலைக்குச் சற்றுக் கீழ்மட்டத்தில் சுரண்டும்போது, மரத்தில் மெல்லிய நீள்சதுரக் கோடு ஒன்று தெரிந்தது. ஐந்தங்குல நீளத்துக்கு ஒரு துண்டு மரம் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. நார் நாரோடு பொருந்தும்படி அவ்வளவு நேர்த்தியாய் ஒட்டியிருந்ததால், கோடு இல்லாவிட்டால் தெரியவே தெரியாது. அங்கே எதற்கு ஒட்டு? சுற்றிப் பார்த்தபோது விளங்கிற்று. எதிர்நிலைக்காலில் மேல்கீல் பதித்த அதே உயரத்தில், அதே அளவில் அது இருந்தது. கீலுக்கான பள்ளத்தைத் தவறான பக்கத்தில் வெட்டிவிட்டு, பிறகு அடைத்திருக்கிறார்.

அண்ணனை அழைத்து வந்து அவர் விரலை அந்தக் கோட்டின்மேல் வைத்தோம். தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"நான் பக்கத்தில்தான் இருந்தேன். வெட்டி முடித்த பிறகுதான் கண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். இடம் வலம் மாறாத தச்சன் யார், தம்பி? ஆனால் அவருக்கு அப்படி நேர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்."

"எப்போது, அண்ணே?"

"நீங்கள் திருச்சிக்குப் போன அன்று. காலையில் உங்களைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தார். சாப்பிடவில்லை. இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம் என்றேன். கேட்காமல் உளியை எடுத்துவிட்டார்."

நாம் வாசற்படியில் உட்கார்ந்தோம். அந்த விண்ணப்பத்தைப் பற்றி அதுவரை துணைவியாரிடம்கூடச் சொன்னதில்லை. அன்று அவரிடம் சொன்னோம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "அது எனக்குத் தெரியும்" என்றார்.

"யார் சொன்னது?"

"அவர்தான். கதவை மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார். 'பையன் விவரமானவன். விவசாயம் என்று போட்டால் சம்பளத்தில் ஏதும் சலுகை கிடைக்குமோ என்னவோ, அப்படி எழுதியிருக்கிறான்' என்றார். நானும் அப்படித்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்."

அந்த விண்ணப்பத்தில் சலுகை என்று ஒன்றும் இருக்கவில்லை. அதை வரிவரியாகப் படித்துக் கையெழுத்திட்டவர் அவர்.

நெடுநேரம் கழித்து அடுக்களையிலிருந்து துணைவியார் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் குடித்தார். நம்முடையது ஆறிப் போயிற்று.

பச்சைச் சாய டப்பாவைத் திறக்கவில்லை. கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும் மூன்று முறை தேய்த்தோம். அடிப்பக்க விளிம்புக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். பலகையின் வெட்டுமுகந்தான் நீரைக் குடிக்கும் வாய். அதை அடைத்துவிட்டால் பாதிக் கேடு நீங்கும். இந்த முந்திரி எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாகும். செய்ய விரும்புகிறவர்கள் கையில் துணி சுற்றிக்கொள்ளவேண்டும். நிலையில் அந்த ஒட்டுத்துண்டு இருக்குமிடத்தையும் எண்ணெய் மட்டும் தடவி அப்படியே விட்டிருக்கிறோம். வருகிறவர்கள் கதவின் புள்ளிகளைப் பார்த்து, "இதென்ன?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். தவறாக அடித்துப் பிடுங்கியது என்று சொல்கிறோம்.

அவ்வாண்டு நவம்பரில் வடகிழக்குப் பருவமழை மிகக் கடுமையாய்ப் பெய்தது. கதவு ஊதிக்கொண்டு, தாழ்ப்பாள் பக்கம் நிலையில் இறுகிற்று. தோளால் தள்ளித் திறக்கவேண்டியிருந்தது. நாம் இழைப்புளியைத் தீட்டி ஆயத்தமானோம். கண் அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு அண்ணன் வந்தார். கதவைப் புதிதாய்ப் பார்ப்பவர்போல் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். புள்ளிகளையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு விரலால் தள்ளிப் பார்த்து, "இப்போது இழைக்காதீர்கள், தம்பி. மழையில் இழைத்தால் கோடையில் சந்து விழும். தை வரட்டும்" என்றார்.

தை வந்தது. இரண்டு வாரம் வெயில் அடித்ததும் கதவு தானே இறுக்கம் விட்டது. இழைப்புளியைத் துடைத்து, அலகில் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்தோம். பரணில் அல்ல, கைக்கெட்டும் மாடத்தில்.